தொடலாம் என்று ரீச்சர் சொன்னதை நான் சொல்லவில்லை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுத்து கோணல்மாணலாக வரும். ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பெயர்களும் மறக்கின்றன. நீங்கள் மூன்று பேரும் இந்தக் கோடையில் ஊர்வன அறையில் உதவியாளர்களாகச் சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். ‘அன்ரி, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ’ என்றும் கேட்டீர்கள். வாயால் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். கடதாசி திரும்பிப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடிப் பெட்டியை எப்படிக் கழுவுவது, எந்த விளக்கை எப்போது போடுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கும் அந்த உயிர்களுக்கும் நடுவில் நிற்கிறீர்களே, அந்த இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த இடத்தில் நான் நன்றாக நிற்கவில்லை.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. கிழக்கு பெர்லின் வழியாக வந்து கெல்சென்கிர்ச்சனில் அகதிகள் தங்கும் ஹைமில் இருந்தோம். சம்பள வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. நகரசபைக்காரர் கூட்டவும் கழுவவும் பொது வேலைக்கு அனுப்புவார்கள். சிலரைப் பூங்காவுக்கு அனுப்பினார்கள், சிலரைச் சவக்காலைக்கு. என்னை அனுப்பியது மூடிய நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டுக்கு. பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுகிற வீடு என்றார்கள். பூச்செடிகள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் முன்னால் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. அன்றைக்கு எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்தபடியே முழு அறையையும் கூட்டி முடித்தேன்.

அந்த வீட்டை நடத்தியவர் ஒரு ஜேர்மன்காரப் பெண். நாங்கள் ரீச்சர் என்றே சொல்வோம். ஆண்கள் போடுகிற சப்பாத்து, சட்டைப் பையில் எப்போதும் ஒரு கரட். பேசும்போது பாதிக் கரட் கையில் இருக்கும், மீதியை ஆமைக்குக் கொடுப்பார். கோடை விடுமுறையில் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வட்டமாகப் பாயில் இருத்தி, பாம்பு, பல்லி, ஆமை எல்லாவற்றையும் பழக்குவார். பயப்படாமல், வதைக்காமல், இந்த உயிரும் நம்மோடு இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளப் பழக்குவதுதான் அந்த நிகழ்ச்சி. ஹைமில் நம் பிள்ளைகள் சும்மா இருப்பதை அறிந்து அவர்களையும் அனுப்பச் சொன்னார். அவர்களுக்கு டொச் பாஷை போதாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் அவர்களோடு பாயில் இருந்து ரீச்சர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றார்.

எனக்குத் தெரிந்த டொச் உருளைக்கிழங்கு வாங்கப் போதும். கூச்சத்தில் மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

ஒரு சிறிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது எப்படி நடந்தது என்று விளங்க இது வேண்டும்.

ஹைமில் மேல்மாடியில் இருந்த ஓர் அண்ணை ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து நின்றார். கையில் தயிர்க் கோப்பையில் பால். லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு முட்டை.

“அக்கா, இஞ்ச ஒரு பாம்பு வைச்சிருக்கினமாம், உண்மையே?”

“ஓம் அண்ணை. ஏன்?”

“தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். நாகதம்பிரானுக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். இந்த ஊரிலை நான் கோயிலுக்கு எங்க போறது? ஒருக்கா வைச்சுக் கும்பிட்டிட்டுப் போறன்.”

கண்ணாடிக்கு முன்னால் கோப்பையை வைத்து, கண்ணை மூடிக் கைகூப்பினார். அந்த நேரம் பார்த்து ரீச்சர் உள்ளே வந்தார். இவர் யார், என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாம்புக்குப் பால் வைக்கிற சனம் என்று நினைப்பாரே என்று இருந்தது. நான் சொன்னேன்: பசியாம். சாப்பிட வந்திருக்கிறார்.

ரீச்சர் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து அண்ணையை இருக்கச் சொன்னார்.

“என்னவாம் அக்கா?”

“குடிக்கட்டாம்.”

“ஆர், பாம்போ?”

“இல்லை அண்ணை. நீங்கள்.”

மனுசன் என்னைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார். ஒரே மூச்சில் பாலைக் குடித்து முடித்தார். ரீச்சர் சந்தோசமாகத் தலையாட்டினார். அண்ணை முட்டையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்து, “நேர்த்திப் பாலை நானே குடிச்சிட்டன் அக்கா. இது எங்க போய் முடியப்போகுதோ” என்றார்.

ஹைமில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய தம்பிக்குப் பிறகு என்ன நடந்தது என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவே இல்லை. ஒருவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லி என் கூச்சத்தை மூடியது அதுதான் முதல் தடவை. முதல் தடவை சிரிப்போடு முடிந்ததால் அடுத்தது எனக்குச் சுலபமாகப் போயிற்று.

பிள்ளைகளின் முதல் நாள். ரீச்சர் பாம்பைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்து இருந்தார். மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இதற்கு நஞ்சு இல்லை. தோல் ஈரமாக இருக்காது, உலர்ந்து இதமாக இருக்கும். தலைப் பக்கம் வேண்டாம், முதுகில் விரலால் தொடலாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குப் பெரும்பாலும் விளங்கியது. ஆனால் புறப்படும்போது தாய்மார் சொல்லி அனுப்பியது காதில் நின்றது. ‘அக்கா, பிள்ளையள் உங்கட பொறுப்பு.’ ஒன்று நடந்தால் யாருக்கு நான் முகம் காட்டுவது? ஊரில் பாம்பு என்றால் என்ன செய்வோம்? தடி எடுப்போம், இல்லையென்றால் கும்பிடுவோம். மடியில் வைத்துத் தடவுகிறவர்களை நான் கண்டதில்லை.

“பிள்ளையள், ரீச்சர் என்ன சொல்லுறா எண்டால், உதைக் கண்ணாலை பாக்கலாம். ஒருத்தரும் தொடக்கூடாது. கையைக் கமக்கட்டுக்குள்ளை வையுங்கோ.”

நம் பிள்ளைகள் எல்லோரும் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்கள். ஜேர்மன் பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டார்கள். ரீச்சர் நம் பிள்ளைகள் பக்கம் திரும்பி முழங்காலில் நின்று, இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாகக் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பயந்த பிள்ளைகள், போரைப் பார்த்த பிள்ளைகள், அவசரப்படுத்தக்கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

சுகந்தி என்று ஒரு பிள்ளை. எட்டு வயதிருக்கும். தங்கை வாணிக்கு ஐந்து. தாய் தவமணியும் அவர்களும் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தார்கள். சுகந்தி ஏற்கனவே ஒரு வருடம் டொச் பள்ளிக்கூடம் போனவள். என்னைச் சுரண்டி, மெல்லச் சொன்னாள்.

“அன்ரி, அவ அப்பிடிச் சொல்லேல்லை. தொடலாம் எண்டெல்லோ சொன்னவ.”

“உனக்கு வடிவா விளங்கேல்லை. பேசாமல் இரு.”

விளங்கியது அவளுக்குத்தான். அவள் வாயை மூடிக்கொண்டு, கையைத் திரும்ப அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வீட்டின் பின் தோட்டத்தில் ரீச்சரும் பிள்ளைகளுமாகக் கற்களை அடுக்கி, மேலே ஒரு பழைய தகரம் போட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் தகரம் சுடும், அடியில் ஊர்வன வந்து படுக்கும். அங்கே ஒன்று வந்து தங்கியிருந்தது. செம்புக் கம்பி போல மினுமினுப்பு, ஒரு முழ நீளம், வயிறு பருத்து. ரீச்சர் சொன்னார்: இது பாம்பு அல்ல. பல்லிச் சாதி. கால்கள் இல்லாமல் போன பல்லி. பாருங்கள், பாம்புக்குக் கண் இமைக்காது, இது இமைக்கிறது. யாருக்கும் ஒன்றும் செய்யாது. வயிற்றில் குட்டிகள் இருக்கின்றன, விடுமுறை முடிவதற்குள் போடும்.

பிள்ளைகளுக்கு அதன் பிறகு வேறு கதையே இல்லை. நாளும் இரண்டு பேர் முறை வைத்துத் தகரத்தை மெல்லத் தூக்குவார்கள். மற்றவர்கள் மூச்சுக்கூட விடாமல் எட்டிப் பார்ப்பார்கள். ஜேர்மன் பிள்ளைகள் அதைக் குண்டுப் பெண் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நம்மவர்கள் குண்டம்மா என்று வைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத் தலையை முட்டிக்கொண்டு நின்றது அந்தத் தகரத்துக்கு முன்னால்தான்.

பாம்பு இல்லை என்று ரீச்சர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. மினுங்குகிற உடம்பு, பல்லிச் சாதி என்றால் எங்களுக்கு அது என்ன? அரணை. அரணை கடித்தால் மரணம் என்று சொல்லித்தானே வளர்ந்தோம்? பாம்பு கடித்தால் பார்வை பார்க்க ஆள் உண்டு, அரணைக்கு மருந்தே இல்லை என்பார்கள். ரீச்சர் பயப்படாதே என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

பிள்ளைகளைத் தோட்டத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்: “உது அரணை. ரீச்சரும் கவனமா இருக்கச் சொன்னவ. கடிச்சால் ஊசி போட்டும் சரிவராது. எட்ட நிண்டு பாருங்கோ.”

ரீச்சரும் சொன்னவ. அந்த ஒரு சொல்லைத்தான் நான் சேர்த்திருக்கக்கூடாது.

அது நடந்த நாள் நல்ல வெயில். ரீச்சர் உள்ளே யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நான் தும்புத்தடியோடு தோட்டத்து நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாணி தன் முறை வரும்வரை பொறுக்காமல் போய்த் தனியாகத் தகரத்தைத் தூக்கிவிட்டாள். குண்டம்மா வெளியே வந்து, அவளுடைய செருப்புக்கு மேலால் மெல்ல ஊர்ந்தது.

வாணி கத்தினாள். “அன்ரி! அரணை! அரணை!”

நான் ஓடிப்போய் அடித்தேன். யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு அடி வாணியின் காலில் விழுந்தது, ஒரு அடி அதன்மேல் விழுந்தது. வால் அறுந்து தனியாகத் துள்ளியது. பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். ஒரு ஜேர்மன் பிள்ளை ஓடிவந்து, கை இரண்டையும் விரித்து, என் தடிக்கும் அதற்கும் நடுவில் நின்றாள். என்னைவிட ஐம்பது பங்கு சின்னவள் போல எனக்கு அவள் தெரிந்தாள். ஆனாலும் அவள்தான் அசையாமல் நின்றாள்.

ரீச்சர் வந்தார். முதலில் வாணியின் காலைப் பார்த்தார். பிறகு முழங்காலில் குந்தி அந்த உயிரைக் கையில் எடுத்தார். வயிறு அசைந்தது. உயிர் இருந்தது. என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்.

“கடித்தது” என்றேன். எனக்குத் தெரிந்த டொச்சில் அந்தச் சொல் இருந்தது.

ரீச்சர் வாணியின் கணுக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட அடையாளம் இல்லை. தடியின் ஆணி கீறி இரத்தம் வந்திருந்தது. சுகந்தி அழுதுகொண்டே டொச்சில் சொன்னாள்: அது கடிக்கவில்லை. அன்ரியின் தடிதான் பட்டது.

பாசி போட்ட ஒரு மரப்பெட்டிக்குள் குண்டம்மாவை வைத்தார் ரீச்சர். அன்று பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் வாசலில் நின்று சத்தமாகப் பேசினார். ஹைமிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பிள்ளைகளோடு சேர வேண்டாம் என்றார். தடியோடு வளர்ந்தவர்கள் என்றார். வேறு சிலர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நாளைக்கு எல்லோரும் வாருங்கள், நாளைக்குத் தீர்மானிக்கிறேன் என்றார் ரீச்சர்.

அந்த வீடு இல்லையென்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? ஒரு நீண்ட ஒழுங்கை மாதிரியான நடை, இரண்டு பக்கமும் அறைகள், சத்தம் போட்டால் கத்துகிற ஒரு காவல்காரர். அந்தக் கோடை முழுவதும் அவர்களுக்குக் கதவு திறந்த ஒரே இடம் அது.

பொதுச் சமையலறையில் தவமணி கேட்டாள்: “அக்கா, நாளையிலிருந்து பிள்ளையளை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினமோ?”

“ரீச்சர் கோவமா இருக்கிறா.”

“உவள் வாணியாலைதானே? ஏனடி தகரத்தைத் தூக்கினனீ? உன்னாலை எல்லாப் பிள்ளையளுக்கும் போச்சுது!”

வாணிக்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. காலில் துணி சுற்றியிருந்த பிள்ளை. நான் அடுப்பில் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். கிண்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் கொதித்தது. சுகந்தி என்னைப் பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இரு என்று நான்தானே பழக்கியிருந்தேன்?

அடுத்த நாள் காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். வேலையை விட்டு நிற்பாட்டினால் பிள்ளைகள் வருமுன் போய்விடலாம் என்று நினைத்தேன். ரீச்சர் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து ஆமைக்குக் கரட் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்து என்னை இருக்கச் சொன்னார்.

அந்த மிருகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார்.

நஞ்சு என்றேன்.

ஏன்?

அரணைக்கு டொச்சில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கையால் நான்கு கால் காட்டினேன். எங்கள் ஊரில் இது மாதிரி ஒன்று, கடித்தால் சாவு என்றேன்.

ரீச்சர் கொஞ்சம் யோசித்தார். உனக்குத் தெரிந்த யாராவது அப்படிச் செத்தார்களா?

நானும் யோசித்தேன். வாளியில் இருந்தபடி எங்கள் ஊர் முழுக்க ஒழுங்கை ஒழுங்கையாக மனதுக்குள் போய் வந்தேன். பாம்பு கடித்துச் செத்தவர்கள் உண்டு. கிணற்றில் விழுந்தவர்கள் உண்டு. ஷெல் விழுந்து செத்தவர்கள் உண்டு. அரணை கடித்து ஒருவரும் இல்லை. ஒருவர்கூட இல்லை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சொன்னார்: “நீ பயந்தது பிழை இல்லை. உன் பயத்தை நான் சொன்னதாகச் சொன்னாயே, அதுதான். அந்தப் பிள்ளைகளுக்கு என் வாய் நீ.”

வெட்கத்தில் பால் கொண்டுவந்த அண்ணையின் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் பசியோடு வரவில்லை, கும்பிட வந்தார் என்றேன். ரீச்சர் கையிலிருந்த கரட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பாம்பு பால் குடிக்காது, கொடுக்கவும் கூடாது என்றார். பிறகு மெல்ல, “ஆனால் அவர் கும்பிட்டதைப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நிமிடத்தில் காட்டியிருப்பார்” என்றார்.

பிறகு சொன்னார். இன்றைக்கு வட்டத்தில் பெற்றோரும் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு உண்மையை நீ சொல்ல வேண்டும். உண்மை தெரிந்த பிள்ளைகளை நான் யார் எதிர்த்தாலும் வைத்திருப்பேன். நஞ்சு என்று நம்புகிற பிள்ளைகளின் கையில் இந்த உயிர்களை விட என்னால் முடியாது.

எனக்கு டொச் ஏலாது என்றேன்.

தமிழில் சொல், சுகந்தி டொச்சில் சொல்லட்டும் என்றார்.

வட்டம் கூடியது. பின்னால் ஜேர்மன் பிள்ளைகளின் பெற்றோர் நின்றார்கள். நேற்றுப் பேசிய தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். எழுந்து நின்று, தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“பிள்ளையள், ரீச்சர் தொடலாம் எண்டுதான் சொன்னவ. நான்தான் தொடக்கூடாது எண்டு மாத்திச் சொன்னனான். கடிச்சால் சாவு எண்டு ரீச்சர் சொல்லேல்லை. அது என்ரை பொய். வாணியைக் கடிச்சது எண்டதும் பொய். பிள்ளையள் நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை.”

சுகந்தி எழுந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். கையைக் கட்டியிருந்த தகப்பனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அழகான டொச்சில் சொன்னாள்: அன்ரி என் தங்கைக்காக மிகவும் பயந்துவிட்டார். எங்கள் நாட்டில் இது மாதிரியே தெரிகிற, ஆபத்தான ஒரு மிருகம் இருக்கிறது. அதனால் மாறி நினைத்துவிட்டார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்.

எனக்கு விளங்கியது. உருளைக்கிழங்கு வாங்குகிற டொச்சுக்குக்கூட அது விளங்கியது. பொய் என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள்.

பின்னால் நின்ற தாய்மாரின் முகம் இளகியது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். தகப்பன்கூடக் கட்டியிருந்த கையைக் கீழே விட்டார். அவ்வளவும் முடிந்துவிட்டது போல இருந்தது. பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள், நான் இருக்கலாம். உட்காருவதற்கு முழங்காலை மடக்கியும் விட்டேன்.

அப்போதுதான் நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். டொச் கொஞ்சம் விளங்குகிறவர்கள் சுகந்தியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் திடுக்கிடவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. பெரியவர்களுக்கு முன்னால் ஒருவர் சொன்னதை இப்படித்தான் மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, நிமிர்ந்து, கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் திரும்ப நிமிர்ந்து எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். அது எவ்வளவு கேவலமான டொச் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“இல்லை. பிள்ளை வடிவாய்ச் சொல்லுது. நான் வடிவு இல்லை. ரீச்சர் சொல்லுது, தொடு. நான் சொல்லுது, நஞ்சு. ரீச்சர் நஞ்சு சொல்ல இல்லை. நான் பொய். பிள்ளைகள் நல்லது.”

பிறகு பாயில் இருந்த ஒரு ஜேர்மன் பிள்ளை கையை உயர்த்திக் கேட்டது: இப்போதும் நஞ்சு என்று நினைக்கிறீர்களா?

“கொஞ்சம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அந்தத் தகப்பன் சிரிக்கவில்லை. தன் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளை பிறகு வரவே இல்லை. வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு போனது. என் தடிக்கும் குண்டம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றவள் அவள்தான். அவளுக்கு நான் இன்னும் மன்னிப்புச் சொல்லவில்லை.

ரீச்சர் மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். தொடுகிறாயா என்று என்னைக் கேட்டார். எல்லோரும் பார்த்தார்கள். தொட்டிருந்தால் கதை அழகாக முடியும். எனக்கு ஏலவில்லை, ஏலாது என்றே சொன்னேன். சரி, அப்படியானால் நீ பெட்டியைப் பிடி என்றார். நான் பிடித்தேன். வால் இல்லாத குண்டம்மா பாசிக்குள் கண்ணை மூடித் திறந்தது. உண்மையாகவே இமைத்தது. அன்றைக்குத்தான் நான் அதைப் பார்த்தேன். முதலில் வாணி வந்து ஒற்றை விரலால் தொட்டாள்.

“அன்ரி, ஆட்டாதேங்கோ. குண்டம்மாவுக்குத் தலை சுத்தும்.”

அதன் பிறகு நம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகச் சுகந்தி வந்தாள். கையை வெளியே எடுத்தாள்.

தவமணியிடம் அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பல நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “அக்கா, உப்பு இருக்கே?” என்றாள். உப்புப் போத்தலை அப்படியே அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ரீச்சர் என்னை மாற்றவில்லை. அதே பாயில், அதே வேலையில் வைத்திருந்தார். ஆனால் ஒரு வழி சொல்லித் தந்தார். முதலில் நான் சொன்னதை நான் சொன்னபடி சொல். பிறகு ஒரு மூச்சு விடு. உனக்குப் பயம் என்றால், இது என் பயம் என்று தனியாகச் சொல். பிள்ளைகள் இரண்டையும் கேட்டுக்கொள்வார்கள். பிறகு இங்கே இருக்கவும் வேலை செய்யவும் அனுமதிக் காகிதம் கிடைத்து, அந்த வீட்டிலேயே எனக்கு ஒழுங்கான வேலை தந்து, நான் பென்சனுக்குப் போகும் வரைக்கும் அப்படித்தான் சொன்னேன். ‘ரீச்சர் தொடலாம் எண்டு சொல்லுறா. எனக்குப் பயம், நான் தொட மாட்டன்.’ நான் இப்படிச் சொன்னால் பிள்ளைகள் தொடாமல் விடுவார்கள் என்றுதான் பயந்தேன். அவர்கள் என்னைக் காப்பாற்றுகிறவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்த் தொட்டார்கள். உங்களில் யாருக்காவது உள்ளுக்குள் அருவருப்போ பயமோ இருந்தால் அதை மறைத்துச் சிரிக்காதேயுங்கள். பிள்ளைகள் வாயைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார்கள்.

குண்டம்மாவை ரீச்சர் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தகரத்துக்கு அடியில் விட்டார். அடுத்த நாள் தூக்கிப் பார்த்தபோது இல்லை. விடுமுறை முடியும் வரை பிள்ளைகள் முறை வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். குட்டி போட்டதா, போடாமலே செத்ததா, ஒருவருக்கும் தெரியாது. வாலில்தான் அதற்குக் கொழுப்புச் சேமிப்பு இருக்கும், அது இல்லாமல் குளிர்காலம் கஷ்டம் என்று ரீச்சர் ஒருமுறை வேறு எதையோ பேசும்போது சொன்னார். நான் கேட்காத மாதிரி கூட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும்தான். இதில் பிழைகள் இருக்கும். அந்தச் சாதி எந்த மாதம் குட்டி போடும், அறுந்த வால் முழுதாக வளருமா என்றெல்லாம் நீங்கள் படித்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அன்றைக்கு வட்டத்தில் யார் என்ன சொன்னது என்பதையும் யாராவது சரிபார்க்க வேண்டும். சுகந்தி இப்போது டோர்ட்முண்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்காதேயுங்கள். அவள் இன்றைக்கும் என்னைக் காப்பாற்றித்தான் சொல்லுவாள். வாணியிடம் கேளுங்கள். அவளுக்குத் தாட்சணியம் இல்லை, உள்ளதைச் சொல்லுவாள். அப்படியே அவளுடைய கணுக்காலில் தடியின் கீறல் அடையாளம் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்து எனக்கு எழுதுங்கள். கோயில் திருவிழாவில் வருடா வருடம் அவளைக் காண்கிறேன், முகத்தைத்தான் பார்த்துப் பேசுகிறேன். காலைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.